கம்பெனி பிடியில இல்லாத ஓஎஸ் வேணும்னா எதை எடுக்கிறது?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதுல இருந்து "வேற ஓஎஸ் எது போடலாம்"னு கேக்குறவங்க ஏறிட்டே இருக்காங்க, நல்லா ஓடிட்டு இருக்கிற மெஷின் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேக்குற பாதுகாப்பு சிப்) இல்லங்கிற காரணத்துக்காக 11-க்குப் போக முடியாம நிக்குது, அது ஒரு பக்கம். ஆனா கேக்குறவங்கள்ல ஒரு தரப்பு வேற மாதிரி. வேகம், கேம்ஸ் பத்தியெல்லாம் அவங்க கேக்கல, "எது என் பேச்சைக் கேக்கும்"னு கேக்குறாங்க. இன்ஸ்டால் பண்ணும்போதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டாத்தான் அடுத்த திரைன்னு அடம் புடிக்கிறது, 2024-ல ரீகால்னு ஒண்ணைக் காட்டி திரையில நடக்கிறதை எல்லாம் அப்பப்ப படம் எடுத்து வெச்சுக்கிறேன்னு சொன்னது, சத்தம் கிளம்பினதும் தள்ளிப் போட்டுட்டு அப்புறம் மெதுவா திரும்பக் கொண்டு வந்தது, இதெல்லாம் பாத்து வெறுத்துப் போனவங்க. அவங்களை மனசுல வெச்சுத்தான் எழுதுறேன்.

இதுல மூணு கட்சி இருக்கு. லினக்ஸும் வேணாம் விண்டோஸும் வேணாம், அடியில இருந்து புதுசா எழுதின ஓஎஸ்தான் உண்மையான விடுதலைன்னு ஒரு கட்சி. அதெல்லாம் விடு, உள்ள ஓடுற ஒவ்வொரு பைட்டும் ஃப்ரீ சாஃப்ட்வேரா (இலவசம்னு அர்த்தம் இல்ல, யாரு வேணா கோடைப் பாத்து, மாத்தி, பகிரலாம்னு அர்த்தம்) இருக்கணும், ஒரு வைஃபை ஃபர்ம்வேர் (கார்டு, சிப் மாதிரி சாமானுக்குள்ள ஓடுற குட்டி சாஃப்ட்வேர்) கூட மூடினதா இருக்கக் கூடாதுன்னு ரெண்டாவது கட்சி. யாரு எழுதினா என்ன, முடிவு எடுக்கிறது ஒரு கம்பெனி கையில இல்லாம சமூகத்துக்கிட்ட இருந்தா சரின்னு மூணாவது. நான் மூணாவது கட்சி, அதை முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் ஒருதலைப்பட்சம்னு சண்டைக்கு வரக் கூடாது.

ஏன்னா சோர்ஸ் கோட் திறந்து கிடக்கிறது மட்டும் நம்மளைக் காப்பாத்தாது. உபுன்டுங்கிற லினக்ஸ் ஓஎஸ்ஸோட கதை ஞாபகம் இருக்கா? 2012 அக்டோபர்ல 12.10 வந்துச்சு. டாஷ்ங்கிற தேடல் பெட்டியைத் திறந்து உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற ஒரு ஃபைல் பேரைத் தேடுறீங்க, நீங்க டைப் பண்றது உபுன்டுவை நடத்துற கெனானிக்கல் கம்பெனி சர்வருக்குப் போயிட்டு, உங்க ஃபைலுக்குக் கீழ அமேசான்ல விக்கிற சாமான் படம் படமா வந்து நிக்கும். ரெஸ்யூம்னு அடிச்சா உங்க ரெஸ்யூமும் வரும், விக்கிறதுக்கு ஏதாச்சும் புத்தகமும் வரும். ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மேன் அதை ஸ்பைவேர்னே (உளவு பாக்குற சாஃப்ட்வேர்) சொன்னாரு. அது டீஃபால்ட்டா ஆஃப் ஆனது 16.04-லதான், அதாவது 2016-ல. மெஷின்ல ஓடினது அத்தனையும் ஓப்பன் சோர்ஸ், எல்லாரும் கோடைப் படிக்கலாம், ஆனாலும் நடந்துச்சு, ஏன்னா அதை உள்ள விடலாமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு கம்பெனி மீட்டிங் போதும். ரெட் ஹேட் கம்பெனி பிடியில இருந்த சென்ட்ஓஎஸ்ங்கிற சர்வர் லினக்ஸும் அதே மாதிரி, 8-வது வெர்ஷன் 2029 வரைக்கும் வரும்னு நம்பி சர்வர் போட்டவங்களுக்கு 2020 டிசம்பர்ல வந்த சேதி, 2021 கடைசியோட முடிஞ்சுதுன்னு. ரெட் ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடிச்சது 2019-ல, ரெண்டும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதனால ஒரு ஓஎஸ்ஸைப் பாக்கும்போது நான் கேக்குற முதல் கேள்வி: எனக்குப் பிடிக்காத ஒரு மாத்தத்தை நாளைக்கு உள்ள நுழைக்கணும்னா எத்தனை பேரைத் தாண்டிப் போகணும்? ரெண்டாவது, தாண்டிட்டாங்கன்னா நாங்க பிரிஞ்சு போக முடியுமா? (சென்ட்ஓஎஸ்ல முடிஞ்சுது, ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அப்படி வந்ததுதான்.) மூணாவதுதான் எல்லாரும் மறக்கிறது: ஓஎஸ்ல ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்கிற பேட்ச் எத்தனை நாள்ல என் மெஷினுக்கு வரும்?

இந்த மூணாவது கேள்வியிலதான் முதல் கட்சி அவுட் ஆகுது. புதுசா எழுதின ஓஎஸ்கள் மேல எனக்கு ஒரு தனி ஆசை உண்டு, பொய் சொல்லல. ஹைக்கூ இருக்கே, பிஓஎஸ்னு ஒரு பழைய ஓஎஸ்ஸை திரும்பக் கட்டுறோம்னு 2001-ல ஆரம்பிச்சது, பழைய லேப்டாப்ல போட்டா பறக்கும், விண்டோக்களை டேப் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சுக்கலாம், அவ்வளவு அழகு. ஆனா 2024 செப்டம்பர்ல வந்தது இன்னும் பீட்டா 5, அதாவது சோதனைப் பதிப்பு. அதோட அது ஒரே யூசர் ஓஎஸ், உங்க ப்ரௌசருக்கும் உங்க மொத்த டிஸ்க்குக்கும் நடுவுல பெரிசா சுவர் எதுவும் கிடையாது. விண்டோஸ் ப்ரோகிராமையே ஓட்டுறோம்னு கிளம்பின ரியாக்ட்ஓஎஸ் 2025 மார்ச்ல 0.4.15 விட்டாங்க, இன்னும் ஆல்ஃபா, பீட்டாவுக்கும் முந்தின நிலை. ரஸ்ட்ங்கிற ப்ரோகிராமிங் மொழியில எழுதுற ரெடாக்ஸ் 2015-ல இருந்து வளருது, டிசைன் பிரமாதம், தினசரி பேங்க் வேலைக்கு அதை நம்ப முடியாது.

ப்ரௌசர்தான் இங்க முட்டுக்கட்டை. கெர்னலை (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஒரு சின்ன டீம் எழுதிடலாம், இன்னைக்கு இருக்கிற வெப்சைட்டை எல்லாம் காட்டுற ப்ரௌசரை எழுதறது மலையைப் புரட்டுற வேலை. செரினிட்டிஓஎஸ்ஸைப் பாருங்க, ஆன்ட்ரியாஸ் க்ளிங் 2018-ல ஆரம்பிச்சாரு, கெர்னல்ல இருந்து கால்குலேட்டர் வரைக்கும் எல்லாம் சொந்தமா எழுதின ஒரு ஓஎஸ், அதுக்குள்ள லேடிபேர்ட்னு ஒரு ப்ரௌசரும் முளைச்சுது, 2024-ல அவரு ஓஎஸ்ஸை மத்தவங்க கையில விட்டுட்டு லேடிபேர்டோட தனியா போயிட்டாரு. ஓஎஸ் எழுதின ஆளே சுதந்திரத்துக்கான சண்டை ப்ரௌசர்ல நடக்குதுன்னு முடிவு பண்ணிட்டாருன்னுதான் நான் அதை எடுத்துக்கிறேன். இப்ப அந்த லேடிபேர்ட் லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடற மாதிரி வளருது. ஆக இந்த ஓஎஸ்களை ஒரு பழைய மெஷின்ல போட்டு விளையாடுங்க, பக் ரிப்போர்ட் போடுங்க, முடிஞ்சா காசு குடுங்க, ஆனா ஆன்லைன்ல உங்களைக் காப்பாத்திக்கிற மெயின் மெஷினா எடுக்காதீங்க.

ரெண்டாவது கட்சியை அவ்வளவு சுலபமா தள்ள மாட்டேன். ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அங்கீகரிச்ச லிஸ்ட்ல ட்ரிஸ்கெல், பாராபோலா, ப்யூர்ஓஎஸ், கிக்ஸ் சிஸ்டம்னு சிலது இருக்கு. இதுல பெரும்பாலானது ஓட்டுறது லினக்ஸ்-லிப்ரே, அதாவது மூடின ஃபர்ம்வேரை எல்லாம் சுத்தமா உருவி எடுத்த கெர்னல். கொள்கை சுத்தம், அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா ட்ரிஸ்கெல்லை ஒரு சாதாரண லேப்டாப்ல போட்டுப் பாருங்க: திரை அழகா வருது, சவுண்ட் வருது, மேல மூலையில வைஃபை ஐகானைத் தேடினா இல்ல. உள்ள இருக்கிறது இன்டெல் கார்டு, அதுக்கு ஃபர்ம்வேர் ஃபைல் ஒண்ணு வேணும், லினக்ஸ்-லிப்ரே அதை லோட் பண்ணாது, நீங்களா தேடிப் போட்டாலும் முடியாது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடலங்கிற கதைதான். ஏத்த்9கே டிரைவர்ல (மூடின ஃபர்ம்வேர் தேவைப்படாத டிரைவர்) ஓடுற பழைய ஏதெராஸ் கார்டையோ யூஎஸ்பி டாங்கிளையோ தேடி வாங்கணும், கிடைச்சா நல்லா ஓடும்.

எனக்கு இதுல உறுத்துறது வைஃபை கூட இல்ல, மைக்ரோகோட், அதாவது ப்ராசஸரை உள்ள இருந்து நடத்துற கோட். ப்ராசஸருக்குள்ள ஏற்கெனவே மூடின மைக்ரோகோட் ஒண்ணு ஃபேக்டரியில இருந்தே இருக்கு, அதை யாராலயும் கழட்ட முடியாது. ஸ்பெக்டர் மாதிரி ப்ராசஸர் ஓட்டைகளுக்கு இன்டெல்லும் ஏஎம்டியும் குடுக்குற அப்டேட்டும் மூடினதுதான், அதனால இந்த டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் மேல கட்டின ஓஎஸ் தொகுப்புகள்) அதைக் குடுக்க மாட்டாங்க. அப்ப நமக்குக் கிடைக்கிறது ஃப்ரீ மைக்ரோகோட் இல்ல, ஓட்டையோட இருக்கிற பழைய மூடின மைக்ரோகோட். இது கொள்கைக்கு சரியா இருக்கலாம், யூசருக்கு நல்லதுன்னு என்னால ஒத்துக்க முடியல. இதையெல்லாம் தாண்டி இந்தப் பாதைதான் வேணும்னா ஹார்ட்வேர்ல இருந்து ஆரம்பிக்கணும், லிப்ரேபூட் (மெஷினை எழுப்புற ஃப்ரீ ஃபர்ம்வேர்) ஓடக்கூடிய பழைய திங்க்பேட் மாதிரி ஒண்ணை எடுத்து, இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினை (இன்டெல் சிப்போடவே வர்ற, நம்ம கட்டுப்பாட்டுல இல்லாத மூடின சிஸ்டம்) முடிஞ்ச அளவு முடக்கி, அதுக்கு மேல ட்ரிஸ்கெல்லோ கிக்ஸோ போட்டா ஒரு முழுமை இருக்கு. பொறுமை இருக்கிறவங்க செய்யலாம், கிக்ஸ் குறிப்பா கத்துக்க அருமையான விஷயம், மொத்த சிஸ்டத்தையும் ஒரே கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வெச்சு, அப்டேட் சொதப்பினா ஒரு ரீபூட்ல பழைய நிலைமைக்குத் திரும்பலாம்.

இப்ப டெபியன், சமூகமே நடத்துற லினக்ஸ். என் ஓட்டு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். 1993-ல இயன் மர்டாக் ஆரம்பிச்சது, 1997-ல சமூக ஒப்பந்தம்னு ஒண்ணு எழுதி வெச்சாங்க, அடுத்த வருஷம் சட்டதிட்டமே வந்துச்சு. தலைவரை டெவலப்பர்கள் வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. காசு, ட்ரேட்மார்க்கு எல்லாம் லாப நோக்கமில்லாத அமைப்புகள்கிட்ட இருக்கு. கூகுளோ மைக்ரோசாஃப்டோ டெபியனை வாங்கணும்னு நினைச்சா வாங்குறதுக்கு அங்க பொருளே இல்ல, அதான் விஷயம்.

இன்ஸ்டால் பண்ணும்போது நடுவுல ஒரு திரை வரும், பேக்கேஜ் யூசேஜ் சர்வேயில கலந்துக்கிறீங்களான்னு கேக்கும், எந்த சாஃப்ட்வேரை எவ்வளவு பேரு யூஸ் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுக்காக. பதில் ஏற்கெனவே "இல்லை"ல நிக்கும். என்டர் தட்டிட்டுப் போனீங்கன்னா உங்களைப் பத்தி ஒண்ணும் வெளிய போகாது. விண்டோஸ் செட்டப்ல அதே மாதிரி ப்ரைவசி திரை வரும், லொகேஷன், டயக்னாஸ்டிக், விளம்பர ஐடின்னு வரிசையா ஸ்விட்ச், நீங்க ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணணும். ரெண்டு திரையையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா மத்ததெல்லாம் சொல்லவே வேணாம்.

டெபியன்ல சண்டை நடக்காதுன்னு நினைச்சுடாதீங்க, நல்லாவே நடக்கும், எல்லாம் மெயிலிங் லிஸ்ட்ல பப்ளிக்கா. 2014-ல சிஸ்டம்-டி (மெஷின் எழும்போது சர்வீஸ்களை எல்லாம் கிளப்பி விடுற சாஃப்ட்வேர்) வேணுமா வேணாமான்னு பெரிய ரகளை, தோத்த தரப்பு டெவுவான்னு பிரிஞ்சு போயி 2017-ல 1.0 விட்டாங்க, இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. 2022-ல ஃபர்ம்வேர் பிரச்சினைக்கு ஓட்டெடுப்பு வெச்சாங்க, மூடின ஃபர்ம்வேரை இன்ஸ்டாலர்லயே சேக்கலாம்னு முடிவாச்சு, சமூக ஒப்பந்தத்தையே அதுக்காகத் திருத்தி எழுதினாங்க, 2023-ல வந்த டெபியன் 12-ல இருந்து வைஃபை பெரும்பாலான மெஷின்ல நேரா வேலை செய்யுது. ரெண்டாவது கட்சிக்காரங்க இதைத் துரோகம்னு சொல்லுவாங்க. நான் அப்படிப் பாக்கல, மூடின ஃபர்ம்வேரைத் தனி பிரிவுல போட்டு எது எதுன்னு பேரோட காட்டுறாங்க, வேணாம்னா இன்ஸ்டாலர் பூட் ஆகும்போதே வேணாம்னு சொல்லலாம். முடிவு எனக்குப் பிடிச்சிருக்கா இல்லையாங்கிறதை விட அது எப்படி எடுத்தாங்கங்கிறது முக்கியம்.

டெபியன் ஸ்டேபிள் பழசு பழசுன்னு கிண்டல் பண்ணுவாங்க, உண்மைதான், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் புது வெர்ஷன், கடைசியா 13 வந்தது 2025 ஆகஸ்ட்ல. ஆனா அந்தப் பழசுதான் 2024 மார்ச்ல காப்பாத்துச்சு. எக்ஸ்இசட்னு ஒரு கம்ப்ரஷன் லைப்ரரி, எல்லா லினக்ஸ்லயும் இருக்கும், கிட்டத்தட்ட ஒரே ஆள் சும்மா சேவையா பாத்துக்கிட்டு இருந்தது, அவருக்கு உதவி பண்றேன்னு ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை செஞ்சு நம்பிக்கையை சம்பாதிச்சு, கடைசியில 5.6.0-லயும் 5.6.1-லயும் பின்கதவு ஒண்ணை வெச்சுட்டாரு, எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து ஒரு மெஷின்ல லாகின் பண்ற சாஃப்ட்வேர்) வழியா மெஷினுக்குள்ள நுழையுற மாதிரி. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு டெவலப்பர், மைக்ரோசாஃப்ட்ல வேலை பாக்குறவரு (இதுல ஒரு வேடிக்கை இருக்கு), எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டப் போயி கண்டுபிடிச்சாரு. அந்த வெர்ஷன் டெபியனோட சோதனைக்கான அன்ஸ்டேபிள், டெஸ்டிங் கிளைகளுக்கு வந்திருந்துச்சு, ஸ்டேபிளுக்கு வரல. புதுசு புதுசா வேணும்னு ரோலிங் டிஸ்ட்ரோ (புது வெர்ஷன் வர வர உடனே தர்றது) பின்னாடி ஓடுறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும். சுதந்திரமா தனி ஆட்கள் எழுதுற சாஃப்ட்வேருக்கும் ஒரு பலவீனம் இருக்கு, களைச்சுப் போன ஒரே ஒரு மெயின்டெய்னர்தான் அது, இதை மூடி மறைச்சுப் பேசறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

டெபியன் இன்ஸ்டாலரைப் பாத்தே பயந்து ஓடுறவங்களுக்கு லினக்ஸ் மின்ட். உபுன்டு மேல கட்டினது, ஆனா உபுன்டு எடுக்கிற முடிவுக்கெல்லாம் தலையாட்டுறதில்ல, உபுன்டுவோட ஸ்னாப் (ஆப் இறக்குற முறை) ஸ்டோரோட சர்வர் பக்கம் மூடினதா இருக்குன்னு சொல்லி 2020-ல மின்ட் 20-ல ஸ்னாப்பையே டீஃபால்ட்டா தடுத்தாங்க. நாளைக்கு உபுன்டு ரொம்ப கோணலாப் போனா என்ன பண்றதுன்னு இப்பவே நேரா டெபியன் மேல கட்டின எல்எம்டிஇன்னு ஒரு பதிப்பையும் கையில வெச்சிருக்காங்க. விண்டோஸ்ல இருந்து முதல் தடவை வர்றவங்களுக்கு நான் எல்எம்டிஇயைத்தான் சொல்லுவேன், பாக்க மின்ட், அடியில டெபியன். ஃபெடோரா தொழில்நுட்பத்துல டாப், செக்யூரிட்டி வேலையெல்லாம் முதல்ல அங்கதான் வரும், ஆனா முதலாளி ரெட் ஹேட், 2023-ல டெலிமெட்ரி (யூஸ் பண்ற விவரத்தைச் சேகரிச்சு அனுப்புறது) சேக்கலாமான்னு ஒரு யோசனை வந்ததும் ஆட்கள் கொந்தளிச்சதைப் பாத்தோம். ஆர்ச் சமூகத்தோடது, நல்லது, ஆனா அதைப் பாத்துக்கிறதே ஒரு வேலை.

பிஎஸ்டி (லினக்ஸ் இல்லாத, யூனிக்ஸ் வழி வந்த ஓஎஸ் குடும்பம்) பக்கம் போனா ரெண்டு பேரு. ஃப்ரீபிஎஸ்டி பெரிய குடும்பம், நெட்ஃப்ளிக்ஸ் வீடியோ அனுப்புற சர்வர்கள் அதுலதான் ஓடுது, சர்வருக்கு அருமை, லேப்டாப்புக்கு வைஃபை விஷயத்துல இன்னும் லினக்ஸ் அளவுக்கு இல்ல. அதோட லைசென்ஸ் யாரு வேணா எடுத்து மூடிக்கலாம்னு விடுது, ப்ளேஸ்டேஷன் 4-க்குள்ள ஓடுறது அப்படி எடுத்ததுதான், அதை வாங்கினவங்களுக்கு அந்த சுதந்திரம் ஒரு துளியும் போய்ச் சேரல. ஜிபிஎல் (மாத்தி வெளியிட்டா கோடையும் திறந்தே தரணும்னு சொல்ற லைசென்ஸ்) ஏன் வந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு இது போதும்.

ஓப்பன்பிஎஸ்டி தனி ரகம். தியோ டி ராட் கனடாவுல கால்கரியில இருந்து நடத்துறாரு, நம்ம எல்லாரும் யூஸ் பண்ற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அவங்க எழுதினது. இதுல ஃபயர்பாக்ஸைப் போட்டு மெயில்ல ஒரு ஃபோட்டோ அட்டாச் பண்ணப் பாருங்க, ஃபைல் எடுக்கிற விண்டோ திறக்கும், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குப் போனா காலி. ஃபோட்டோ எங்கயும் போகல, ப்ரௌசரோட கண்ணைக் கெர்னல் கட்டி வெச்சிருக்கு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தவிர உங்க சொந்த ஃபைல் எதுவும் அதுக்குத் தெரியாது. ஃபோட்டோவை டவுன்லோட்ஸுக்கு காப்பி பண்ணிட்டு அப்புறம்தான் அட்டாச் பண்ண முடியும். முதல் நாள் எரிச்சலா இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு வெப்சைட் ப்ரௌசரோட ஓட்டை வழியா உள்ள வந்தாலும் உங்க எஸ்எஸ்ஹெச் கீயைத் தொட முடியாதுன்னு உறைக்கும்போது, மத்த ஓஎஸ் எல்லாம் ஏன் டீஃபால்ட்டா இப்படிச் செய்யலன்னு கோவம் வரும். குறைகளும் இருக்கு, ப்ளூடூத்தை 2014-ல தூக்கிட்டாங்க திரும்ப வரல, டிஆர்எம் (காப்பி தடுப்புப் பூட்டு) போட்ட படம் எதுவும் ப்ரௌசர்ல ஓடாது, ஹைப்பர்த்ரெடிங் (ப்ராசஸரோட ஒரே கோர்ல ரெண்டு வேலையை ஒண்ணா ஓட்டுற வசதி) டீஃபால்ட்டா ஆஃப். காசும் கஷ்டம், 2014 ஆரம்பத்துல சர்வர் ரேக்குக்கு கரன்ட் பில் கட்ட வருஷத்துக்கு சுமார் 20,000 டாலர் வேணும் இல்லன்னா கடையைச் சாத்தணும்னு பப்ளிக்கா கேட்டாங்க, நன்கொடை வந்து பொழைச்சாங்க. உலகத்துல இருக்கிற சர்வர் எல்லாம் அவங்க எஸ்எஸ்ஹெச் மேல நிக்குது, அவங்களுக்கு கரன்ட் பில்லுக்குக் காசில்ல.

அடுத்தது, நிஜமாவே ஒருத்தர் உங்களைக் குறி வெக்கிறாங்கன்னா, பத்திரிகையாளர், வக்கீல், போராட்டக்காரர் மாதிரி. அப்ப டெபியனும் போதாது, க்யூப்ஸ் பாருங்க. ஜோவானா ருட்கோவ்ஸ்கா ஆரம்பிச்சது, 2012-ல 1.0. ஒவ்வொரு வேலைக்கும் தனித் தனி விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்), விண்டோ ஓரத்துல கலர் இருக்கும், பேங்க்குக்கு பச்சைன்னு வெச்சுக்கலாம், கண்டதையும் திறக்கிற இடத்துக்கு சிவப்பு. சிவப்புல காப்பி பண்ணினதைப் பச்சையில ஒட்டணும்னா சும்மா பேஸ்ட் வேலை செய்யாது, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அடிச்சு வெளிய எடுத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அடிச்சு அடுத்ததுக்குள்ள விட்டு, அப்புறம்தான் ஒட்டணும். தெரியாத ஆள் அனுப்பின பிடிஎஃப்பை ஒரு தற்காலிக மெஷின்ல திறக்கலாம், மூடினா அந்த மெஷினே அழிஞ்சு போயிடும். 16 ஜிபி ரேம் இல்லாம இதைத் தொடாதீங்க, ஹார்ட்வேர் லிஸ்ட்டைப் பாக்காம வாங்கவும் செய்யாதீங்க. ஆபத்து எப்பவாச்சும்தான்னா டெய்ல்ஸ் போதும், பென்ட்ரைவ்ல இருந்து பூட் ஆகும், இணையத்துக்குப் போறதெல்லாம் டோர் (நீங்க யாருன்னு மறைக்கிற நெட்வொர்க்) வழியா, ஆஃப் பண்ணினா மெஷின்ல தடம் இருக்காது, 2024-ல டோர் ப்ராஜெக்ட்டோடவே சேந்துடுச்சு. சாதாரண ஆளுக்கு க்யூப்ஸ் தேவையில்லங்கிறது என் கருத்து, எரிச்சல்ல ஒரு வாரத்துல பழைய விண்டோஸுக்கே ஓடிடுவாங்க.

ஒரு குண்டையும் இங்கயே போட்டுடறேன். ஓஎஸ் மாத்தினா வெப்சைட்டுக்கு உங்களைப் பத்தித் தெரியிறது தானா குறையாது. ஓப்பன்பிஎஸ்டியில உக்காந்து அதே கூகுள் அக்கவுன்ட்ல லாகின் பண்ணினா கூகுளுக்கு எந்த நஷ்டமும் இல்ல. இன்னும் சொல்லப்போனா அபூர்வமான ஓஎஸ் எடுத்தா நீங்க கூட்டத்துல தனியா தெரிவீங்க, ப்ரௌசர் போற இடமெல்லாம் ஓஎஸ் பேரைச் சொல்லும், ஒரு சைட்டுக்கு வர்ற லட்சம் பேர்ல ஹைக்கூக்காரர் எத்தனை பேரு இருப்பாங்க? டோர் ப்ரௌசர் எல்லாரையும் ஒரே மாதிரி காட்டப் பாடுபடறதே இதுக்குத்தான். ஓஎஸ் காப்பாத்துறது உங்க மெஷினுக்குள்ள நடக்கிறதை, வெளிய நீங்களா குடுக்கிறதை இல்ல.

ஃபோன் பக்கம் நிலைமை மோசம், அங்க முழு சுதந்திரம்னு ஒண்ணு இன்னைக்குக் கிடையாது. க்ராஃபீன்ஓஎஸ்தான் பாதுகாப்புல முதல் இடம், கூகுள் ப்ளேவை வேணும்னா போட்டுக்கலாம், அது மத்த ஆப் மாதிரி கூண்டுக்குள்ள ஓடும். ஆனா ஓடுறது கூகுளோட பிக்சல்ல மட்டும், கூகுள்கிட்ட இருந்து தப்பிக்க கூகுள் ஃபோன் வாங்கணும், சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. லினியேஜ்ஓஎஸ் நிறைய மாடல்ல ஓடும், கம்பெனி கைவிட்ட பழைய ஃபோனுக்கு உயிர் குடுக்கும், ஆனா பூட்லோடரை (ஃபோன் எழும்போது ஓஎஸ்ஸை ஏத்துற ப்ரோகிராம்) பெரும்பாலும் திறந்தே வெச்சிருக்கணும்ங்கிறதால பாதுகாப்புல ஒரு படி கீழ. ஈ-ஓஎஸ், மாண்ட்ரேக் லினக்ஸ் ஆரம்பிச்ச கேல் டுவால் பண்றது, கூகுள் சர்வீஸுக்கெல்லாம் மாத்து போட்டுத் தருது, டெக்னிக்கல் ஆள் இல்லாதவங்களுக்கு இதமா இருக்கும், செக்யூரிட்டி பேட்ச் மெதுவா வருது. எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது கூகுள் வெளியிடுற ஆண்ட்ராய்டு சோர்ஸ், 2025-ல அதோட டெவலப்மென்ட்டை மொத்தமா உள்ளுக்குள்ள கொண்டு போயிட்டாங்க, ஆண்ட்ராய்டு 16 வந்தப்போ பிக்சலுக்கான டிவைஸ் கோடைத் தரவும் இல்ல. போதாததுக்கு ப்ளே இன்டெக்ரிட்டி செக் (ஃபோன்ல கூகுள் அங்கீகரிச்ச ஓஎஸ் இருக்கான்னு பாக்குறது) வெச்சு சில பேங்க் ஆப் இந்த ஓஎஸ்கள்ல திறக்கவே மாட்டேங்குது. கூகுளே இல்லாத போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் நிஜமான லினக்ஸ், பல மாடல்ல கேமராவோ காலோ சரியா வராது, ரெண்டாவது ஃபோனா இருந்தா வாங்கிப் பாருங்க. அதனால ஃபோனுக்கு என் பதில், பிக்சல் வாங்க முடிஞ்சா க்ராஃபீன், இல்ல கையில இருக்கிறதுக்கு லினியேஜ், பேங்க் வேலையை கம்ப்யூட்டர் ப்ரௌசருக்கு மாத்திடுங்க.

கம்ப்யூட்டருக்கு, முதல் தடவைன்னா எல்எம்டிஇ, கொஞ்சம் பழகினவங்களுக்கு டெபியன் ஸ்டேபிள், எழுத்து, கோட், சர்வர் வேலை மட்டும் பண்றவங்க, படம் பாக்க வேற மெஷின் வெச்சிருக்கிறவங்க ஓப்பன்பிஎஸ்டியை தாராளமா எடுக்கலாம். மாறுறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிற விண்டோஸ்லயே ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆஃபீஸ், தண்டர்பேர்ட், கீபாஸ்எக்ஸ்சி (பாஸ்வேர்ட் பெட்டகம்)னு ஆப்களை மாத்தி ஒரு மாசம் ஓட்டுங்க, இதெல்லாம் அங்கயும் அப்படியே இருக்கும், ஓஎஸ் மாறினது பாதி தெரியவே தெரியாது. அப்புறம் லைவ் பென்ட்ரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே ஓஎஸ்ஸை ஓட்டிப் பாக்குறது) பூட் பண்ணி வைஃபை, சவுண்ட், மூடி திறந்தா எழுந்திரிக்குதா, இந்த மூணையும் பாத்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. டிஸ்க்கைப் பிரிக்கிற இடத்துல என்க்ரிப்ட் பண்ற ஆப்ஷனை மறக்காம எடுங்க, டெபியன்ல அதை எடுத்தா பழைய டேட்டாவை அழிக்கிறேன்னு ரொம்ப நேரம் ஓடும், புது டிஸ்க்குன்னா கேன்சல் பண்ணிட்டுப் போகலாம். அந்த பாஸ்வேர்டை மட்டும் காகிதத்துல எழுதி பத்திரமா வெச்சுக்கோங்க, விண்டோஸ் மாதிரி ரெகவரி கீயோட காப்பி எந்தக் கம்பெனி சர்வர்லயும் இருக்காது, மறந்துட்டீங்கன்னா கேக்குறதுக்கு ஆளே கிடையாது.